மேலலகின் நிறம்

1

இந்தக் கதை ஒரு துணித்துண்டிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்காளிச் சிவப்பு, ரவிக்கைத் துணி, கைக்குட்டையில் பாதி இருக்கும். ஓரம் தைக்காததால் நூல் பிரிந்து தொங்கும். திண்டிவனத்தில் ஏரிக்கரைப் பக்கத்து வீடொன்றில், மதியச் சாப்பாடு முடிந்ததும், பூவரசன் என்பவர் அந்தத் துண்டால் தன் மனைவியின் மடிக்கணினித் திரையைத் துடைத்தார். தினமும் செய்கிற வேலைதான். துடைத்து, துண்டை உதறி, ஜன்னல் கம்பியில் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வந்து காட்டறேன்" என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்.

துண்டு இன்னும் கம்பியில் கிடக்கிறது. அவர் வரவில்லை.

(இப்படி எழுதியதும் கதை இங்கேயே முடிந்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் "வந்து காட்டறேன்" என்றாரே, எதைக் காட்ட? அதற்காகத்தான் மேலே எழுதுகிறேன்.)

2

இதற்கு முன் வேறு மாதிரியெல்லாம் தொடங்கிப் பார்த்தேன்.

'அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் காடுகளில் அரசாரி என்றொரு பறவைக் கூட்டம் உண்டு. டூக்கான் என்கிற பேரலகுப் பறவைக் குடும்பத்தில் சிறியவை இவை. இவற்றின் —'

வேண்டாம். வகுப்பறை வாசனை வருகிறது.

'விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், நிழலிருந்த பெஞ்சில், ஒரு மனிதர் —'

முடியவில்லை. இதைப் பிறகு ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

'அன்புச்செல்வியும் பூவரசனும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிழைத்தவர்கள்.'

இது இருக்கட்டும்.

அன்புச்செல்வி நான்தான். 'நான்' என்று எழுதினால் கை வரியின் நடுவில் நின்றுவிடுகிறது. 'அன்புச்செல்வி' என்று எழுதினால் அவள் எழுந்து உலை வைக்கிறாள், வாயடிக்கிறாள், கோபித்துக்கொள்கிறாள். அதனால் அவளை முன்னே அனுப்பியிருக்கிறேன். நான் இந்த அடைப்புக்குறிகளுக்குள் ஒண்டிக்கொள்கிறேன்.

3

முதுகுக்கு முதுகு ஏன் என்றால், வேலை அப்படி.

எங்கோ ஒரு நாட்டில் ஒரு கம்பெனி, படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்ல இயந்திரத்துக்குப் பழக்குகிறது. இயந்திரம் கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் மனிதர்கள் ஆயிரமாயிரம் படங்களுக்குப் பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை கைமாறிக் கைமாறி விழுப்புரத்தில் ஒரு மாடி ஆபீசுக்கு வந்தது. அங்கிருந்து திண்டிவனத்து வீட்டுக்கு வந்தது.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பார்கள். இரண்டு பேரும் ஒரே பெயரைப் போட்டால் அது நிற்கும். வேறு வேறு போட்டால் சில நாள் கழித்து அதே படம் இருவருக்கும் மறுபார்வைக்கு வரும். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளிடம் போகும். அந்த ஆள் எவருடைய பதிலை எடுக்கிறாரோ அது நிற்கும், மற்றது போகும். ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. சின்ன ஆபீஸ் என்பதால் டூக்கான் படக் கட்டு முழுவதும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கே வந்தது. விதியை மீறிவிடக் கூடாது என்று நடுக்கூடத்தில் இரண்டு மேசையை எதிரெதிர் சுவரைப் பார்த்துப் போட்டார்கள். பதில் போட்டுவிட்ட பிறகு பேசலாமா கூடாதா என்று விதியில் இல்லை. அதனால் பேசினார்கள்.

அரசாரிகளை முதலில் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். கறுப்புத் தலை, மஞ்சள் வயிறு, உடம்பில் பாதி நீளத்துக்கு வாழைப்பூ மடல் போல வளைந்த அலகு. வித்தியாசம் சில்லறைச் சில்லறையாகத்தான் பிடிபடும். வயிற்றில் சிவப்புப் பட்டை ஒன்றா, இரண்டா, இல்லவே இல்லையா. காதோரம் பழுப்பா. அலகின் விளிம்பில் கிறுக்கல் உண்டா. படம் எடுத்த ஊரை ஆபீஸ் காட்டாது. இயந்திரம் உருவத்தை வைத்தே கற்க வேண்டுமாம். ஆங்கிலப் பெயர் நாக்கில் நிற்காததால் இவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். வயிற்றில் இரண்டு பட்டை இருந்தால் ரெட்டை அரைஞாண். அலகில் எழுத்துப் போலக் கிறுக்கியிருந்தால் கடுதாசி மூக்கன். உச்சியில் பிளாஸ்டிக் சுருள் மாதிரி மினுங்கினால் சுருட்டை.*

* தொடக்கத்தில் பழுப்புத் தலையுள்ள ஒன்றைப் புது இனம் என்று இருவரும் ஒருமித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது பச்சை அரசாரியின் பெண். "வூட்டுக்காரிய அடையாளம் தெரியாத பய நீ" என்று பூவரசன் கண்ணாடியில் தன்னையே திட்டிக்கொண்டார்.

மிகவும் படுத்தியவை இரண்டு. காலர்காரன், நெருப்பு மூக்கன். இரண்டுக்கும் கறுப்புத் தலை, மஞ்சள் நெஞ்சில் கறுப்புப் பொட்டு, வயிற்றில் சிவப்புப் பட்டை. பட்டை நெருப்பு மூக்கனுக்கு அகலம் அதிகம். மற்றபடி மேலலகுதான் சாட்சி. காலர்காரனுக்கு அது தந்தம் போல வெளிறியிருக்கும். நெருப்பு மூக்கனுக்குச் செம்மஞ்சளாகக் கனலும். கீழலகு இரண்டுக்கும் கறுப்பு.

4

பூவரசனைப் பற்றி எழுதும்போது ஒரு சிக்கல். முதல் பிரதியில் அவர் மிகவும் நல்லவராகிவிட்டார். செத்தவர்களுக்கு எழுத்தில் அப்படி நடக்கிறது போலும். ஆகவே இதையும் சேர்க்கிறேன்: வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, தின்று தோலை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவார். தோற்றுப்போனால் ஒரு டீ குடித்து முடிக்கிற வரை ஒத்துக்கொள்ள மாட்டார். குடித்த பிறகும் "நீ சொல்றதும் ஒருவகையில" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். அன்புச்செல்வி கல்யாணத்துக்கு முன் விழுப்புரத்தில் மேட்சிங் சென்டரில் துணி கிழித்தவள். புடவையைக் கொண்டுவருவார்கள், அதற்கு ஒத்த ரவிக்கைத் துணியை அலமாரியிலிருந்து அவள் உருவ வேண்டும். டியூப்லைட்டில் எல்லா நிறமும் பொய் சொல்லும். அதனால் அந்தக் கடையில் ஒரு பழக்கம், துணியை விரித்ததும் விற்கிறவளே வாடிக்கையாளரைத் தெருவாசலுக்கு அழைத்துப் போய், "வெயில்ல பாத்துக்குங்க" என்பாள். கடைக்கு விளம்பரப் படம் எடுக்க வந்த பூவரசன், "இந்த வெளிச்சத்துல ஒரு கலரும் நிக்காது" என்று அலுத்துக்கொண்டார். அவள் துணித் தான்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

(அந்தத் தக்காளிச் சிவப்புத் துண்டு அன்றைக்கு மிஞ்சிய வெட்டு. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கதையில் பொருந்துகிறதென்று நானே அப்படிச் சொல்லிக்கொள்ளவும் கூடும்.)

5

அவர் பஸ் ஏறிய நாள் காலை வந்த படத்தில், கிளையொன்று குறுக்கே போய் வயிற்றை மறைத்திருந்தது. பட்டை தெரியவில்லை. தலையும் அலகும் மட்டும், சாய்ந்த ஒளியில்.

இருவரும் பதில் போட்டார்கள். முதுகுப் பக்கமிருந்து அன்புச்செல்வி கேட்டாள்.

"இன்னா போட்டீங்க?"

"காலர்காரன்."

"கண்ணு கீதா இல்லையா? நெருப்பு மூக்குங்க அது. பத்திக்கினு எரியுது."

"எரியல ஒண்ணும். சாயங்கால வெயில் பட்டு லேசா மஞ்சளா தெரியுது. வெள்ள மூக்குதான்."

"லேசாவா? பக்கத்துல இலையப் பாருங்க. வெயிலுன்னா இலையும் செவக்கணும் இல்ல?"

"இலை நெழல்ல கீது."

"ஆமா, மூக்குக்கு மட்டும் தனியா டார்ச் அடிச்சாங்க."

"ஏய், எத்தினி கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் சொல்றேன்."

"எத்தினி பொண்ணுங்கள கறுப்பாக் காட்டுனவரு."

"உன்னையுந்தான் எடுத்தேன்."

"அதத்தான் சொல்றேன்."

சாப்பிடும்போதும் நடந்தது. அவள் ரசத்தை ஊற்றியபடி, "மறுபார்வைக்கு வரட்டும், அப்பவும் இதேதான் போடுவேன்" என்றாள். அவர், "மூணாவது ஆளு எம்பக்கம் சொல்வான், பேஜாரு பண்ணாம சோறு போடு" என்றார். பிறகு, அவளுடைய சார்ஜர் ஒயர் பிய்ந்திருந்ததால் அதை மாற்ற விழுப்புரம் கிளம்பினார். கிளம்பும் முன் திரை துடைத்தார்.

சொன்னபடி ஒரு வரி: பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை, சட்டைப்பையில் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

6

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பகலில் உட்கார்ந்தபடியே அன்புச்செல்விக்குக் கண் செருகும். அப்போது ஒரு கனவு. மேட்சிங் சென்டரில் நிற்கிறாள். பெண்கள் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்வது போல ஆளுக்கொரு அரசாரியை வைத்துக்கொண்டு வருகிறார்கள். "இதுக்கு ஒத்தது குடுங்க" என்கிறார்கள். அலமாரியில் துணித் தான்களுக்குப் பதிலாக மரப்பொந்துகள். பொந்துக்குள் பறவைகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து, வாலை முதுகின்மேல் மடக்கிப் போட்டுத் தூங்குகின்றன. (இந்தப் பறவைகள் நிஜமாகவே அப்படித்தான் தூங்கும். பல சேர்ந்து ஒரே பொந்தில். பூவரசனுக்கு அந்தப் படங்களின்மேல் தனிப் பிரியம்.) அவள் ஒன்றை உருவி எடுத்து, வாடிக்கையாளரை வாசலுக்கு அழைக்கிறாள். வாசல் நடக்க நடக்கத் தள்ளிப் போகிறது. வழியில், விழுப்புரம் ரோட்டைப் போல, மயிலம் மலை வருகிறது, விக்கிரவாண்டி டோல்கேட் வருகிறது, கையிலிருக்கும் பறவை கனமில்லாமல் சூடாக இருக்கிறது. வெயில் மட்டும் வரவில்லை.

தொலைபேசி அடித்து எழுந்தாள். ரிஸ்வானா. கோட்டக்குப்பத்துப் பெண், மாடி ஆபீசில் இவர்களுடைய வேலையை மேற்பார்வையிடுபவள்.

"அக்கா, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா."

"எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. அண்ணனோட ஐடிய மூடச் சொல்றாங்க. மூடணும்னா அதுல ஒண்ணும் பாக்கி நிக்கக் கூடாது. ஒரே ஒரு படம் நிக்குது, மறுபார்வை. உங்களுதுலயும் அதே படம் வந்திருக்கும்."

"வந்திருக்குது."

"அண்ணனுக்கும் நீங்களே போட்டுடுங்க அக்கா. நான் பாத்துக்கறேன். சாயங்காலத்துக்குள்ள போட்டா போதும்."

"அவருக்கு நான் இன்னாம்மா போடறது?"

"அண்ணன் இன்னா போட்டிருப்பாரோ அதப் போடுங்க" என்றாள்.

(ரிஸ்வானா பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாம் பிரதியில் அவளை அவசரக்காரியாக எழுதினேன், "ஜல்தி அக்கா, ஜல்தி" என்று. அப்போது அன்புச்செல்விமேல் இரக்கம் கூடியது. ஆனால் அவள் அன்று அப்படிப் பேசவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள். இரக்கத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.)

7

இப்போது அன்புச்செல்வி முன்னால் இருப்பது இவ்வளவுதான். அவருடைய பெயரில் ஒரு பதில் போட வேண்டும். அவர் கடைசியாகப் போடப்போகும் பதில். அவர் சொன்னதையே போட்டால் படம் மூன்றாவது ஆளிடம் போகும். யாரோ ஒருவர் இருவரில் ஒருவரைத் தள்ளுவார். தன் பதிலையே அவருக்கும் போட்டால் இருவரும் ஒத்துப்போனதாக ஆகும், ஆனால் அது அவருடைய வாயில் தன் பேச்சை வைப்பது. டீ கூடக் கொடுக்காமல்.

அவருடைய மடிக்கணினியை அவள் திறந்ததே இல்லை. அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் காலடியில் மல்லாட்டைத் தோல் நொறுங்கியது. திரை விழித்தது. படம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

மேலலகு வெள்ளையாக இருந்தது.

தந்த வெள்ளை. ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள். அவர் சொன்ன அதே 'லேசா'. அவள் எழுந்து போய்த் தன் திரையைப் பார்த்தாள். அங்கே அலகு கனன்றது. திரும்பி வந்தாள். இங்கே வெளிறியது. ஒரே பறவை, ஒரே கிளை, ஒரே இலை.

கண் ஆபரேஷன் ஆன பிறகு எல்லாம் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரையின் நிறத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். அவளுடைய இயந்திரமோ வாங்கிய நாளிலிருந்தே டிவி கடைக் கண்ணாடிக்குள் ஓடும் படம் போல எதையும் தூக்கலாகக் காட்டும். மற்ற படங்களில் பட்டையையும் காதையும் கிறுக்கலையும் பார்த்துப் போட்டதால் வித்தியாசம் தெரியவே இல்லை. நிறம் மட்டுமே சாட்சியான ஒரு படத்தில் மாட்டிக்கொண்டார்கள். வெளிச்சம் ஏமாற்றும் என்று தெரிந்து பிழைத்த இரண்டு பேர், ஒரே கூடத்தில், விதியை மதித்து, அவரவர் டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்து சத்தியம் பண்ணியிருக்கிறார்கள்.

8

இங்கே கதையை நிறுத்தி ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று அவர் திரை துடைத்தபோது என் இயந்திரம் அணைந்திருக்கவில்லை. வாதாடுவதற்காக அந்தப் படத்தைத் திறந்தே வைத்திருந்தேன். அப்படியானால் அவர் அதைப் பார்த்திருப்பார். முதல் தடவையாக என் திரையில், என் நெருப்பு மூக்கனை. துடைத்த கை நின்றது. தோளைக் குலுக்கிச் சிரித்தார். "அடிப் பாவி" என்றார். "இன்னா?" என்றேன். "வந்து காட்டறேன்" என்றார்.

கை நின்றதா?

முதல் பிரதியில் நிற்கவில்லை. போய்ப் பாருங்கள், இந்தக் கதையின் முதல் பத்தியிலும் நிற்கவில்லை. துடைத்தார், உதறினார், போட்டார், அவ்வளவுதான். ஏழாம் பகுதியை எழுதிய பிறகுதான் கை நிற்கிறது, சிரிப்பு வருகிறது, "அடிப் பாவி" வருகிறது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அவருடைய குரல் மட்டும்தான் நிச்சயம். சிரித்தபடி சொன்ன குரலா, சாதாரணக் குரலா? எழுத எழுத அது சிரித்த குரலாகவே கேட்கிறது. நினைவில் இருந்ததைக் கதை தோண்டி எடுத்ததா, கதைக்கு வேண்டியதை நினைவு நெய்து கொடுத்ததா என்று —

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

9

அன்புச்செல்வி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இரண்டு மடிக்கணினியையும் ஒரு கைக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போனாள். படியில் வைத்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது, படத்தில் இருந்த அதே மாதிரிச் சாய்வு.

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா அன்பு, கம்ப்யூட்டர வத்தலாட்டம் காய வைக்கிறியா?" என்றாள்.

"கலர் பாக்கறேங்க."

"வெயில்லயா? இன்னா தெரியும்?"

ஒன்றும் தெரியவில்லை. துணி வெயிலில் உண்மையைச் சொல்லும். திரை வெயிலில் செத்துவிடும். இரண்டு கறுப்புக் கண்ணாடியிலும் அவளுடைய முகம்தான் தெரிந்தது. அவள் திரையில் ஒரு முகம், அவர் திரையில் ஒரு முகம். அவர் திரையின் மூலையில் அவருடைய விரல் ரேகையும் இருந்தது. தினமும் துடைத்தது அவள் திரையை, தன்னுடையதை அவர் துடைத்ததே இல்லை போலிருக்கிறது. அவள் துணித்துண்டை எடுக்க உள்ளே போகவில்லை.

பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, அருகருகே வைத்தாள்.

10

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்றில், அன்புச்செல்வி அவருக்குக் காலர்காரன் என்றே போடுகிறாள். தனக்கு நெருப்பு மூக்கன். "மூணாவது ஆளு வரட்டும்" என்கிறாள் காலி நாற்காலியைப் பார்த்து. சண்டை தொடர்கிறது, அதனால் ஏதோ ஒன்று தொடர்கிறது.

இன்னொன்றில், அவருக்கும் நெருப்பு மூக்கன் போடுகிறாள். அவர் பார்த்துவிட்டார், சிரித்துவிட்டார், வந்து ஒத்துக்கொள்ளத்தான் இருந்தார் என்று நம்பி. அதற்கு முன் ஒரு டீ போட்டு அவர் மேசையில் வைக்கிறாள். (இந்த முடிவு எட்டாம் பகுதியில் கை நின்றிருந்தால்தான் செல்லும்.) இதையே திருப்பிப் போட்டும் எழுதிப் பார்த்தேன், அவள் தன் பதிலை மாற்றிக் காலர்காரன் என்று போடுவதாக. அன்புச்செல்வி அந்தப் பத்திக்குள் நுழையவே மறுத்துவிட்டாள்.

கடைசியில் ஒன்று. பெயர்ப் பட்டியலுக்கு அடியில் 'சொல்ல முடியவில்லை' என்றொரு பொத்தான் உண்டு. இருவரும் அதைத் தொட்டதே இல்லை. "ஸ்டுடியோவுக்கு வந்தவன்கிட்ட மூஞ்சி தெரியலன்னு சொல்வியா?" என்பார் அவர். இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில், இரண்டு கையாலும், அவள் அதை —

எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கழிப்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ரிஸ்வானா சாயங்காலம் வரை காத்திருப்பாள். கதையில் இன்னும் சாயங்காலம் ஆகவில்லை.

கூடத்தில் இரண்டு மேசையும் ஒட்டியே கிடக்கின்றன. இரண்டு திரையிலும் அந்தப் பறவை, கிளையில் வயிற்றை ஒளித்துக்கொண்டு ஒரே பக்கம் பார்க்கிறது. அங்கே மேலலகு வெள்ளை, இங்கே நெருப்பு.

கீழலகு இரண்டிலும் கறுப்பு.